சிலேட்டை ஏன் வீசினாள்?

ஏர்பேட்டில் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 42இல் 17 போனால் எவ்வளவு? ஒரு சிறுமிக்கு விடை வரவில்லை. மூன்று முறை அழித்தாள். பிறகு சிலேட்டைத் தூக்கி வீசினாள். அழுதாள்.

இது அடம் அல்ல. முதன்முதலில் பெயர் எழுதியபோது உங்கள் கையும் நடுங்கியது அல்லவா?

கோபத்தில் நெஞ்சு படபடக்கும். மூச்சு வாங்கும். அப்போது எது சொன்னாலும் காதில் ஏறாது. அதட்டினால் அழுகை கூடும். முதலில் தண்ணீர் கொடுக்கலாம். பக்கத்தில் உட்காரலாம். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லலாம். படபடப்பு அடங்கும்.

மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி பள்ளி இருக்கிறது. ஏர்பேட்டைப் போல அந்த ஊரும் 2022 வரை சித்தூர் மாவட்டம்தான். அங்கே மாலையில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து, பேசாமல் சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். அமைதியும் பழகப் பழகத்தான் வரும் போலும்! அந்தப் பள்ளி நடத்தும் கிராமப் பள்ளிகளில் பாடம் சிறு சிறு அட்டைகளாக இருக்கும், ஏணிப்படி போல. ஒரு பிள்ளை ஐந்தாம் படியில் இருக்கலாம். பக்கத்துப் பிள்ளை பத்தாம் படியில் இருக்கலாம். யாரும் யாரையும் ஓடிப் பிடிக்க வேண்டாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் இதுபோன்ற முறை தொடங்கியது.

நம் சிறுமி எந்தப் படியில் நிற்கிறாள்? 2இல் 7 போகாது. கடன் வாங்க வேண்டும். அங்கேதான் நின்றுவிட்டாள். 42 இருக்கட்டும். 12 புளியங்கொட்டை கொடுங்கள். அதில் 7 எடுக்கச் சொல்லுங்கள்.