நான்காவது புகைபோக்கி

மாகறலில் எங்கள் ஆயா, ஏமாற்றித் தின்கிற பிள்ளையை 'சரியான எம்டன்டா நீ' என்பாள். அந்தக் கப்பலை அவள் கண்டதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வெளியே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் அது. இப்போது 350-இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக்கில் என் மேசைமீது கிடக்கிறது. என்ன நிறம் பூசுவது?

சமாதான காலத்தில் வெள்ளை. போர் மூண்டதும் சாம்பல். அதிலும் குப்பியில் உள்ளதை அப்படியே பூசினால் மாடல் கருத்துத் தெரியும். தூரத்துக் கப்பலுக்கும் கண்ணுக்கும் நடுவே காற்று இருக்கிறதே, அதற்காகக் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். ஆக, நிஜ நிறத்திலிருந்து விலகினால்தான் நிஜம்போல் இருக்கும்.

சிக்கல் புகைபோக்கியில். எம்டனுக்கு மூன்று. பிரிட்டிஷ் கப்பலென்று நம்பவைக்க மரச்சட்டத்தில் கித்தானைக் கட்டி நாலாவது ஒன்றை நிறுத்தினார்கள். அதை வைத்துக்கொண்டுதான் அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. சுடுமுன் ஜெர்மன் கொடியை ஏற்றினார்கள். யுத்த விதி அப்படி. பொய்ப் புகைபோக்கியும் மெய்க்கொடியும் சேர்ந்திருந்த நேரம் கொஞ்சம்தான். மாடலில் இரண்டையும் வைத்தால் அந்த நேரத்தை மட்டுமே பிரதி செய்கிறோம். நாலாவதை இரும்புபோல் வழவழவென்று பூசினால், ஏமாந்தவன் கண்ட கப்பல். கித்தானின் மடிப்பைத் தீட்டினால், ஏமாற்றியவனுக்குத் தெரிந்த கப்பல். எதற்கு விசுவாசமாக இருப்பது?

டாங்கி மாடல் செய்யும் நண்பர்களுக்கும் இதே தலைவலி. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் டாங்கிகளுக்கு அடர்மஞ்சள் அடிப்படை நிறமாயிற்று. செம்பழுப்பும் ஆலிவ் பச்சையும் பசையாகச் சிப்பாய்களிடமே போயின. பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, கையில் கிடைத்ததைக் கொண்டு அவரவர் பூசிக்கொண்டார்கள். கரைத்த அளவுக்கேற்ப நிறமும் மாறியது. மூலமே நூறு பிரதியாகக் கிடக்கும்போது 'சரியான பச்சை' எது என்று இவர்கள் ராத்திரி பூரா மல்லுக்கட்டுகிறார்கள்.

பினாங்கில் மூழ்கிய ருஷ்யக் கப்பல் ஜெம்சுக்கில் எண்பதுக்கும் மேற்பட்டவர் செத்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலிலும் சாவு விழுந்தது. எம்டன் கேப்டன் முல்லரின் பெருந்தன்மையை அளக்கிற மாடல்காரர்கள் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நானும் இத்தனை நாள் சாம்பல் நிறத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

சென்னைக்காரர்கள் அன்றிரவு கண்டது சர்ச்லைட்டையும் தீயையும்தான். ஆயா சொன்ன எம்டனுக்கு நிறமே கிடையாது. எனக்கு மடிப்பைத் தீட்டத்தான் தோன்றுகிறது.