கிரகணம் காரணமா?



என் சித்தி பையன் இரண்டு காலிலும் காலிபர் போட்டுத்தான் நடப்பான். 2020 ஏப்ரல் கடைசியில் அவன் பிறந்தபோது, முதுகின் அடிப்பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நீர் கோத்த ஒரு பை இருந்தது. மறுநாளே ஆபரேஷன். "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியே, அதான்" என்று பாட்டி இன்னிக்கு வரைக்கும் சித்தியைக் குத்திக் காட்டுவாங்க.

இந்தக் குறையின் பெயர் ஸ்பைனா பைஃபிடா. தமிழில் முதுகெலும்புப் பிளவு. கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் தட்டையான ஏடு மாதிரிதான் இருக்கும். வாழையிலையின் இரண்டு ஓரத்தையும் தூக்கிச் சேர்த்தால் குழாய் ஆகுதில்ல? அப்படித்தான் அந்த ஏடும் குழாயாக மூடிக்கொள்ளும். கரு உண்டாகி 28 நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிடும். எங்கேயாவது மூடாமல் நின்றுவிட்டால் அங்கே எலும்பும் மூடாது. சிலருக்கு எலும்பில் மட்டும் சின்ன இடைவெளி இருக்கும், அவங்களுக்கே தெரியாது. தம்பிக்கு வந்தது கடுமையான வகை. தண்டுவடமே வெளியே பிதுங்கிவிடும். அதற்குக் கீழே போகிற நரம்புகள் சரியாக வேலை செய்யாது. கால் மட்டும் இல்லை, சிறுநீர் முட்டுவதும் அவனுக்குத் தெரியாது. மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் மெல்லிய குழாய் வைத்து எடுக்கணும். சித்தி தினமும் இன்டர்வெல்லுக்கு அவன் ஸ்கூலுக்கு ஓடுவது இதுக்குத்தான். வாய்ப்பேச்சில் மட்டும் அவனை யாராலும் ஜெயிக்க முடியாது!

இப்போ கணக்குப் போடுங்க. சூரிய கிரகணம் வந்தது 2019 டிசம்பர் 26. அப்போ சித்திக்கு அஞ்சு மாசம் முடிந்திருந்தது. அந்தக் குழாய் மூட வேண்டிய காலமோ ஆகஸ்ட் கடைசி. கர்ப்பம் என்றே சித்திக்குச் சரியாகத் தெரியாத நேரம். இதைப் பாட்டியிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை.

பின்னே ஏன் வருது? பரம்பரை, தாயின் சர்க்கரை நோய், சில வலிப்பு மாத்திரைகள் என்று பல காரணம் உண்டு. காரணமே தெரியாமலும் வரும். நம்மால் செய்யக்கூடியது ஃபோலிக் ஆசிட். ஏற்கெனவே இப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இதைச் சாப்பிட்டபோது மறுபடி வருவது 100க்கு 72 பங்கு குறைந்ததாக 1991இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு காட்டியது. முழுசா நிற்கலை, ஆனாலும் எவ்வளவு பெரிய விஷயம்! மற்றவர்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். சித்தி மாதிரி உள்ளவர்களுக்கு டாக்டர் பல மடங்கு கூட்டித் தருவார். கீரை, பயறு வகைகளில் இந்தச் சத்து இருக்கு. ஆனால் அது மட்டும் போதாது, கர்ப்பத்துக்கு முன்பே மாத்திரை தொடங்கணும் என்கிறார்கள்.

வாரா வாரம் நமக்குத் தரும் நீல மாத்திரையிலும் இரும்புச் சத்தோடு இது இருக்கு. அது முக்கியமா ரத்தசோகைக்குத்தான். போன வாரம் நம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டு நீல மாத்திரை கிடந்தது. யார் என்று தெரியும், எழுத மாட்டேன்.

இன்னொரு விஷயம். இந்தக் குறை உள்ள பிள்ளைகள் பலருக்கு ரப்பர் அலர்ஜி உண்டு. தம்பிக்கும் இருக்கு. ஆண்டு விழாவுக்கு அவன் வர்றான். மேடையில் பலூன் வேண்டாம், கலர் பேப்பர் தோரணம் கட்டுங்க. வெட்டி ஒட்டித் தர நான் ரெடி.

– பிளஸ் ஒன் மாணவி, உயிரியல் பிரிவு