மாலை போட்டால் சாமி, கழற்றினால்?

கார்த்திகை முதல் தேதி விடிந்தால் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கல்லூரி மாணவர் விடுதிகளில் சில அறைகளின் முகமே மாறிவிடும். கொடியில் கருப்பு வேட்டி காயும். செருப்பு மூலைக்குப் போகும். முட்டை போடும் நாளில் மாலை போட்டவர்களின் தட்டு தனியே நிற்கும். அதே அறையில் இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைபிளோடு கிளம்புவார். மூன்றாமவர் தன் கட்டிலுக்கு மேலே அம்பேத்கர் படமும் புத்தர் படமும் ஒட்டியிருப்பார். மூவரும் ஒரே காலனியில் இருந்து வந்தவர்களாகக்கூட இருக்கலாம். இரவு விளக்கணைத்த பிறகு பேச்சு ஆரம்பிக்கும். யார் சாமி உண்மை என்பதில் தொடங்குகிற பேச்சு, நாம் யார் என்பதில் போய் நிற்கும். விடுதிச் சோறு சாப்பிட்டுப் படித்த நாங்களும் இந்தப் பேச்சைப் பேசித்தான் வந்தோம்.

மாலை போடுகிறவனிடம் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு மண்டலம் முழுக்க அவனை எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். ஊர்த்தெருப் பையனும் அப்படித்தான் கூப்பிடுவான். பஜனையில் பக்கத்தில் உட்காருவான், பந்தியிலும் உட்காருவான். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் டீக்கடையில் பழைய 'டா' திரும்பிவிடும். அது தெரிந்தும் அந்த நாற்பத்தெட்டு நாளுக்காகவே மாலை போடுகிற பிள்ளைகள் உண்டு. பகுத்தறிவு பேசும் நண்பர்கள் இதைக் கேலி செய்வார்கள். எங்களுக்கு அதற்கு மனம் வரவில்லை. திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில், சாதி கேட்காமல் பெண்களைக் கருவறைக்குள் போய்ப் பூசை செய்ய விட்டதும் நம் தாய்மார் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போனார்கள். உள்ளே விடுகிற சாமியைத் தேடிப் போவதில் என்ன தவறு?

உள்ளே விடாத சாமியையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரலில், திருவிழா நேரத்தில் உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் பலன் தராமல் ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவால் பூசை மட்டும் தொடங்கியது. தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று. இரண்டு ஆண்டு! அந்தக் கோயிலுக்குள் நுழைய ஆசைப்பட்ட இளைஞனின் பக்தி எந்த அளவுக்கு ஆழமானது என்று யாரும் கேட்கவில்லை. அவன் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் வழக்கு.

அப்படியானால் சர்ச்சுக்குப் போகலாமே என்று விடுதி அறையில் ஒருவர் சொன்னால், எறையூர்ப் பக்கத்துப் பையன் சிரிப்பான். எறையூர் அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் பாகுபாடு தாங்காமல் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. சண்டை போட்ட இரண்டு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் சர்ச் அதோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'ஐக்கஃப்' என்கிற கத்தோலிக்க மாணவர் இயக்கம் 1924-ல் தொடங்கியது. 1970-ல் பூந்தமல்லியில் கூடியபோது ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்பது என்று முடிவெடுத்தது. சாமி கும்பிடக் கூடும் மாணவர் கூட்டம் சாதியைப் பற்றியும் பேசலாம் என்பதற்கு அது ஒரு வழி காட்டியது.

அறைப் பேச்சில் யாராவது ஒருவர் கடைசியில் சான்றிதழை எடுப்பார். அங்கே எல்லோர் குரலும் தாழும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். எஸ்.சி.க்கான 18 விழுக்காட்டில் அவருக்கு இடமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. ஞானஸ்நானம் எடுத்ததால் காலனி வீடு ஊர்த்தெருவுக்கு நகர்ந்ததா? சாதி சொல்லித் திட்டுகிறவன் மதம் கேட்டுவிட்டா திட்டுகிறான்? அதே விடுதியில் இருக்கும் இருளர் பையனுக்கு இந்தக் கவலை இல்லை. பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது.

பக்கத்துப் புதுச்சேரியில் இருந்தே ஒரு வழக்கு போனது. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் எழுத்தர் வேலைக்கு எஸ்.சி. சான்று கேட்டார். 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வதை ஏற்க முடியாது என்றது. தீர்ப்பைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. ஆனால் ஒரு பட்டியல் சாதிப் பிள்ளையின் நம்பிக்கையை மட்டும் ஏன் அதிகாரியும் நீதிமன்றமும் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. மற்ற சாதிப் பிள்ளை வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக்கும் போவான். அவனை எந்தத் தாலுகா அலுவலகமும் கேட்பதில்லை. மதம் மாறிய தலித்துகளைப் பற்றி ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. உச்ச நீதிமன்றத்தில் 2004-ல் போட்ட வழக்குக்காகப் பிறந்த வருடத்துப் பிள்ளை கல்லூரியே முடித்திருப்பான்.

புத்தர் படம் ஒட்டிய பையனுக்கு இந்தச் சிக்கல் இப்போது இல்லை. அவனுக்குப் பின்னால் நம் பக்கத்து வரலாறும் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். அம்பேத்கர் 1935-ல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, 1956 அக்டோபர் 14 அன்றுதான் நாகபுரியில் தீட்சை எடுத்தார். இடையில் இருபத்தோரு ஆண்டு. மதங்களைப் படித்தார், விசாரித்தார், தள்ளினார். இருபது வயதுப் பையன் ஒரே செமஸ்டரில் முடிவெடுக்கவில்லையே என்று வீட்டார் கவலைப்படத் தேவையில்லை.

வீட்டுக் கவலை வேறு மாதிரியும் வரும். அப்பன் செத்தால் யார் கொள்ளி வைப்பது, தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது, குலசாமிக்கு ஆடு யார் நேர்ந்துவிடுவது? ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். பறை அடிக்க மாட்டேன் என்று சொன்ன தலைமுறைக்கும், அதே பறையைக் கலை மேடையில் அடிக்கிற தலைமுறைக்கும் நடுவில் அவன் நிற்கிறான். இதை ஊரில் பேச முடியாது. விடுதி அறையில்தான் பேச முடியும்.

டிசம்பர் 6 கார்த்திகைக்குள்தான் வரும். அன்று காலை அம்பேத்கர் சிலைக்கு மாலை போட விடுதிப் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். நீலத் துண்டு போட்டவர்களுக்கு நடுவே, வெறுங்காலோடு கருப்பு வேட்டியில் ஒருவன் வருவான். கழுத்தில் துளசிமணி, கையில் ரோஜா மாலை. முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்த்து, சாமி முன்னால வாங்க என்று வழிவிடுவான்.