கையொப்பமிடுவதற்கு முன்

சென்ற மாரியில் ஒரு நாள், நித்திரையின்மைக்கு மருந்து கேட்டு எமது நகரின் சிறியதொரு வைத்திய நிலையத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே தாதி ஒருவர் நான்கு பக்கத் தாளொன்றை என்னிடம் நீட்டினார். அகதிகளின் உளநலம் பற்றிய ஆய்வொன்றில் தன்னார்வமாகப் பங்குபற்ற விருப்பமா என்று அதில் தமிழில் கேட்கப்பட்டிருந்தது. சில மாத இடைவெளியில் மூன்று தடவை வினாக்கொத்துக்கு விடையளிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கலில் தெரிவாகும் ஒரு பகுதியினர் ஐந்து வாரம் உளவளத்துணைச் சந்திப்புகளுக்கும் செல்வர். "இன்றைக்கே ஒப்பமிட வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள்" என்றார் தாதி.

கொண்டுபோனேன். மூன்று நாட்கள் அத்தாள் குசினி மேசையிலேயே கிடந்தது.

என் தயக்கத்துக்குக் காரணம் பயம் மட்டுமன்று. ஊரில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் வினாக்கொத்துகளைக் கட்டுக்கட்டாக அச்சிட்டு, மாணவரை நலன்புரி நிலையங்களுக்கு அனுப்பியவன் நான். தறப்பாளின் கீழ் வாழ்ந்தவர்களிடம் எத்தனை பேரை இழந்தீர்கள், என்னவெல்லாம் கண்டீர்கள் என்று கேட்டுக் கட்டங்களில் புள்ளடியிடச் செய்தோம். விரும்பாவிட்டால் விடை சொல்லாதிருக்கலாம் என்று அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. நிவாரணத்துக்கான பதிவு என்று எண்ணியே பலர் பதிலளித்தனர் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. தெரிந்த பின்னும் அந்தத் தரவுகளைக் கொண்டு கட்டுரை எழுதினேன். இன்று தாள் மேசையின் மறுபக்கம் வந்திருக்கிறது.

இந்நாட்டில் புகலிடம் கோரிய எவருக்கும் கேள்வி கேட்கும் அறை ஒன்று நினைவில் நிற்கும். மேசை, மொழிபெயர்ப்பாளர், தட்டெழுதும் ஒருவர், "உங்களுக்கு என்ன நடந்தது?" என்ற கேள்வி. உளநல ஆய்விலும் ஏறக்குறைய இதே அறை, இதே கேள்வி. இரண்டையும் எம்மவர் ஒன்றாகக் கருதுவதில் வியப்பில்லை. என்னுடன் முகாமில் இருந்த ‘என்’ அட்டைத் தம்பி ஒருவர் தாளைப் பார்த்ததும் சொன்னார்: "அண்ணை, விசாரணையில சொன்னதுக்கும் இதில சொல்லுறதுக்கும் ஒரு திகதி மாறினாப் போதும், கேஸ் முடிஞ்சுது. அதோட எங்களை எலியாக்கப் பார்க்கிறாங்கள்."

அவரது இரண்டு அச்சங்களுக்கும் தனித்தனியே பதில் தேட வேண்டியிருந்தது.

முதலாவதைச் சட்டம் ஓரளவு தீர்த்து வைக்கிறது. வைத்தியரும் உளவியலாளரும் அவர்களின் உதவியாளரும் நோயாளியின் இரகசியத்தை வெளியிடுவது சுவிஸ் தண்டனைச் சட்டத்தின் 321ஆம் பிரிவின்படி குற்றம். மனித ஆய்வில் ஈடுபடுவோருக்கு இதையொட்டித் தனியான பிரிவும் உண்டு. சில விதிவிலக்குகள் சட்டத்திலேயே உள்ளன. ஆயினும் ஆய்வுக்கு அளித்த விடைகள் குடிபெயர்வுக்கான அரச செயலகத்துக்குத் தாமாகச் செல்லும் வழியொன்று இல்லை. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வில் பங்குபற்றியதற்காக எவருக்கும் வதிவிட அனுமதி கிடைக்கப் போவதில்லை. புகலிட வழக்குக்கு வைத்திய அறிக்கை தேவைப்படுவோர் அதைச் சிகிச்சை தரும் வைத்தியரிடமே தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது அச்சம், அதாவது எலியாக்கப்படும் அச்சம், வெறும் கற்பனையன்று. இதே சுவிஸில் அது நடந்திருக்கிறது. துர்காவ் கன்ரோனில், போடன்சே ஏரிக்கரையில் மூன்ஸ்ரர்லிங்கன் என்னும் ஊரிலுள்ள மனநோய் வைத்தியசாலையில் றோலன்ட் கூன் என்ற புகழ்பெற்ற வைத்தியர் பணியாற்றினார். பாசல் நகரின் கைகி நிறுவனம் அனுப்பிய இமிப்பிரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிக்கிறது என அவர் 1957இல் அறிவித்தார். உலகின் முதல் மனச்சோர்வு மருந்துகளில் அது ஒன்று. அம்மருந்தால் எழுந்து நடமாடியவர்கள் எண்ணற்றோர். ஆனால் துர்காவ் அரசின் ஆணையில் வரலாற்றாய்வாளர்கள் மேற்கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் காட்டியது. 1940க்கும் 1980க்கும் இடையில், விற்பனைக்கு அனுமதி பெறாத அறுபதுக்கும் மேற்பட்ட மருந்துப் பொருட்கள் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. சிறுவர் இல்லங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். தமக்கு என்ன தரப்படுகிறது என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. வைத்தியர்களிடம் சம்மதம் கோரிய நூரம்பேர்க் நெறிகள் 1947இலேயே எழுதப்பட்டிருந்தன என்பதை நினைவிற் கொண்டால், அறியாமை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது.

2010 மார்ச் 7இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் மனித ஆய்வு பற்றிய பிரிவு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அதன் வழிவந்த மனித ஆய்வுச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. என் கையிலிருந்த நான்கு பக்கத் தாள் இச்சட்டத்தின் பிள்ளை. கன்ரோனின் ஒழுக்கநெறிக் குழு அனுமதிக்காமல் ஆய்வு தொடங்கக் கூடாது. விளங்கும் மொழியில் விளக்கம் தரவேண்டும். யோசிக்க அவகாசம் தரவேண்டும். சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பங்குபற்ற மறுத்ததற்காகச் சிகிச்சையைக் குறைக்க முடியாது. தனக்கே நேரடிப் பயன் எதிர்பார்க்கப்படும் ஆய்வில் பங்குபற்றுபவருக்குக் கூலி கொடுப்பதையும் சட்டம் தடுக்கிறது, காசுக்காக உடலையும் மனதையும் ஒப்புக்கொடுக்கும் நிலை வரக்கூடாதென்று. விலகினால் அதுவரை கொடுத்த விடைகள் என்னவாகும் என்பதை ஒப்பமிடுவதற்கு முன்னரே கேட்டறிவது நல்லது. விலகிய கையோடு அவை அழிக்கப்பட்டுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெயர் நீக்கப்பட்டுக் கணக்கில் இருக்கவும் கூடும்.

அப்படியானால் ஏன் பங்குபற்ற வேண்டும்? மூன்ஸ்ரர்லிங்கனிலிருந்து அதே ஏரிக்கரையோரமாகச் சில கிலோமீற்றர் சென்று எல்லையைக் கடந்தால் ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு, 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் வடகிழக்கு முகாமொன்றில், யுத்தத்தையும் கடலையும் ஒருங்கே கண்ட 31 பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு செய்தது. ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையைப் பயங்கரங்கள் உட்பட ஒழுங்காகச் சொல்லக் கற்றனர். மற்றப் பிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதத்தின் பின் முதற் பிரிவில் 81 வீதமானோரும் இரண்டாவதில் 71 வீதமானோரும் மீண்டிருந்தனர். எண்ணிக்கை சிறியது, அறுதியிட்டு எதையும் சொல்ல முடியாது. எனினும் பெரிய வைத்தியசாலை இல்லாமலே எம் பிள்ளைகளுக்கு உதவ முடியும் என்ற நம்பிக்கை அதனால் கிடைத்தது.

எல்லா ஆய்வும் இப்படி இனிப்பதில்லை. வடபகுதிப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளிடையே நடந்து 2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், 15 அமர்வுகள் கொண்ட குழுப்பயிற்சி எதிர்பார்த்த முதன்மைப் பலனைத் தரவில்லை. ஆண்பிள்ளைகளுக்குச் சில நன்மைகள் தெரிந்தன. பெண்பிள்ளைகளிலோ பயிற்சி பெறாது காத்திருந்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தனர். நல்லெண்ணத்தோடு செய்த உதவியும் பிழைக்கலாம் என்பது ஒப்பிட்டுப் பார்த்ததாலேயே தெரிந்தது. இதை வாசித்தபோது தான் சீட்டுக் குலுக்கல் மீதிருந்த என் எரிச்சல் தணிந்தது.

அவுஸ்திரேலியாவில் தமிழ்ப் புகலிடக் கோரிக்கையாளர்களிடையே நடந்து 1998இல் வெளியான ஆய்வையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஊரில் பட்டதோடு, வந்த நாட்டில் முடிவு தெரியாமல் காத்திருக்கும் துயரும் மனதைச் சிதைக்கிறது என்று எம்மவரின் விடைகளே அங்கு சாட்சி சொல்லின. ‘எஃப்’ அட்டையோடு ஆண்டுகளைக் கழிக்கும் எவருக்கும் இது புதினமன்று. ஆனால் எமது புலம்பலாக இருந்தது, வைத்திய ஏட்டில் ஏறியபின் எடுத்துக்காட்டக்கூடிய ஆதாரமாயிற்று.

மொழிபெயர்ப்பாளர் பற்றியும் ஒரு வார்த்தை. பேர்ணிலும் சூரிச்சிலும் சித்திரவதைக்கும் போருக்கும் உள்ளானோருக்கான சிகிச்சை நிலையங்கள் பல்லாண்டாக இயங்குகின்றன. அங்கு செல்லத் தயங்கும் தமிழர் சொல்லும் முதற் காரணம் வைத்தியரல்லர், மொழிபெயர்ப்பாளரே. அவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார், கோவிலில் காண நேரும், "விசருக்கு மருந்தெடுக்கிறான்" என்று கதை பரவும் என்ற பயம். அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் வேறொருவரைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதையன்று.

நான்காம் நாள் தாளோடு சென்றேன். ஒப்பமிடாவிட்டால் என் நித்திரைக்கான வைத்தியம் தொடருமா என்று கேட்டேன். தொடரும் என்றார் வைத்தியர். பெயருக்கும் இலக்கத்துக்கும் இடையிலான திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். ஓர் அலுமாரியைக் காட்டினார். பழைய தொழில் விடவில்லை, வினாக்கொத்தின் தமிழில் இரண்டு பிழைகளையும் சுட்டிக்காட்டினேன். "கடுமையா யோசிக்கிறன்" என்று எங்கள் ஆட்கள் சொல்வது ‘சிந்தித்தல்’ என்று போடப்பட்டிருந்தது. அவர் குறித்துக்கொண்டார்.

நான் ஒப்பமிட்டேன். முகாம் தம்பி ஒப்பமிடவில்லை. சீட்டில் எனக்கு விழுந்தது காத்திருக்கும் பிரிவு. அடுத்த வினாக்கொத்து ஆவணி மாதம். தம்பி தலையிடிக்காக அதே வைத்தியரிடம் இப்போதும் போய் வருகிறார்.