கார் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று செல்போனுக்கு எப்படித் தெரிகிறது?

வாலிநோக்கம் உப்பளங்களை ஒட்டி ஒரு கார் சீறிக் கிளம்புகிறது. டாஷ்போர்டில் அசையாமல் பொருத்திய செல்போன், கார் எவ்வளவு சட்டென்று வேகமெடுக்கிறது என்று சொல்லிவிடுகிறது. எப்படி?

சாயல்குடி பஸ்ஸை டிரைவர் சட்டென்று எடுத்தால், நின்றுகொண்டிருக்கும் நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள் அல்லவா? போனுக்குள் சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்கே தெரியாத ஓர் எடை மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கார் பாயும்போது அதுவும் அப்படியே பின்தங்கும். எவ்வளவு விலகியது என்பதுதான் கணக்கு.

மேடு ஏறினால்? புவியீர்ப்பும் அந்த எடையை இழுக்கும், போன் ஏமாந்துபோகும். தட்டையான உப்பளப் பூமியில் அந்தத் தொல்லை குறைவு.

அந்த எடை சொல்வது கார் வேகமெடுக்கும் விதத்தை மட்டும்தான்; வேகத்தை ஜிபிஎஸ்ஸிடம் கேளுங்கள். ஆனால் பெரும்பாலான போன்கள் நொடிக்கு ஒருமுறைதான் அளக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால், அந்த ஒரு நொடிக்குள் கார் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும்! நொடிக்கு 10 முறை அளக்கும் தனி ஜிபிஎஸ் கருவிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம்தான்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் மலிவான ஓபிடி கருவி? சக்கரச் சுழற்சியை வைத்து காரே போட்ட கணக்கைத்தான் அது ஒப்பிக்கும். டயர் தேய்ந்திருந்தால் வேகம் கூடுதலாகத் தெரியும். என்ஜின் கோளாறைத் தேட அதை வாங்குங்கள், வேகத்தை அளக்க வேண்டாம்.