ஒலிபெருக்கியும் ஊமைப் பெட்டியும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடத்தை அணுகுமுன் வருவது எங்கள் சேரப்பணஞ்சேரி. ஏரியையும் நெல்வயலையும் நம்பியிருந்த இந்தப் பகுதி இன்று மோட்டார்த் தொழிலின் நிலமாகிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதற் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸ்ஸான் ஆலை இயங்கத் தொடங்கிற்று. கார் செய்யும் ஊரில் கார் வைத்திருக்கும் இளைஞர் பெருகுவது இயற்கையே. வண்டி வாங்கிய சில மாதங்களில் அவர்களுள் பலர் நாடுவது, பின்புற டிக்கியில் வைத்து ஆழ்ந்த தாழ்சுரத்தை எழுப்பும் ‘சப்வூஃபர்’ என்னும் ஒலிபெருக்கி. (ஆங்கிலத்தில் நாய் குரைக்கும் ஓசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘வூஃபர்’ பிறந்தது, குருவியின் கீச்சொலியிலிருந்து ‘ட்வீட்டர்’ பிறந்தது.) மாதக் கணக்கில் சேமித்த பணத்தை ஒலிபெருக்கிக்குச் செலவிட்டுவிட்டு, அதை அடைக்கும் பெட்டியை மட்டும் கண்ணளவாகச் செய்துகொள்வோர் அனேகர். ஆனால் அந்தக் கருவியில் செம்பாதி அந்தப் பெட்டியே ஆகும்.

பெட்டி எதற்கு? ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே பாயும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று விரிகிறது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரு அலைகள் இவ்வாறு உண்டாகின்றன. விநாடிக்கு 40 அதிர்வு உள்ள தாழ்சுரத்தின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். அத்தனை நீண்ட அலைக்கு, ஓரடி அகலமுள்ள ஒலிபெருக்கியின் விளிம்பைச் சுற்றி வருவது ஒரு பொருட்டன்று. முன்னலையும் பின்னலையும் கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பெட்டியில்லாத ஒலிபெருக்கியை வெறுங்கையில் பிடித்துப் பாடவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமற் போவது இதனாலேதான். பின்னலையைச் சிறைப்படுத்துவது பெட்டியின் முதற் கடமை.

பெட்டி என்றதும் நமக்கு வீணையின் குடம் நினைவுக்கு வரும். தஞ்சையில் பலாமரத்தைக் குடைந்து செய்யும் அந்தக் குடமும், பண்டைய யாழின் பத்தரும், தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கித் தாமும் அதிர்ந்து பாடுபவை. பாடுவதற்காகவே அவற்றின் சுவரை மெலிதாகச் செதுக்குகிறார்கள். ஒலிபெருக்கிப் பெட்டியின் இலக்கணமோ இதற்கு நேர்மாறானது. அது பாடவே கூடாது. பாடும் வேலை முழுவதும் கூம்பினுடையது. பெட்டி கனத்து, விறைத்து, ஊமையாக இருக்க வேண்டும். பலகை அதிர்ந்தால் பாடகரின் குரலோடு பெட்டியின் குரலும் சேர்ந்துகொள்ளும். மெல்லிய பலகையால் செய்து பளபளக்கும் உறை போர்த்திய பெட்டிகள் ‘டம் டம்’ என ஒரே சுரத்தை எல்லாப் பாட்டிலும் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று வெறும் வெற்றிடம் நிரப்பும் பொருளன்று. அது ஒரு சுருள்வில். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துத் தண்டை அழுத்திப் பாருங்கள். காற்று கையை எதிர்த்துத் தள்ளும். 1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் இந்தக் காற்று வில்லையே முதன்மையாக நம்பி ஒரு பெட்டியைப் படைத்தார். கூம்பின் தொங்கலைத் தளர்வாக விட்டு, அதை மீட்டு இழுக்கும் வேலையை உள்ளிருந்த காற்றிடம் ஒப்படைத்தார். அலமாரி அளவுள்ள பெட்டிகள் தந்த தாழ்சுரத்தைப் புத்தக அடுக்கில் வைக்கத்தக்க பெட்டி தந்தது. பின்னர், 1961-இல் ஆஸ்திரேலியரான நெவில் தீல், துளையுள்ள பெட்டிகளுக்குக் கணக்கு வகுத்தார். 1970-களின் தொடக்கத்தில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்மால் அதனை விரித்தார். இன்று ஒலிபெருக்கியுடன் வரும் தாளில் அச்சாகும் எண்கள் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன. பெரும்பாலோர் அந்தத் தாளை அட்டைப் பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள்! விலைமதிப்புள்ள காகிதம் அது.

அதில் மூன்று எண்களைப் பாருங்கள். எப்.எஸ். என்பது கூம்பு தன்னியல்பாக அதிரும் எண்ணிக்கை. வி.ஏ.எஸ். என்பது கூம்பின் தொங்கலுக்குச் சமமான விறைப்புடைய காற்றின் கன அளவு. கியூ.டி.எஸ். என்பது அதிர்வு எத்தனை விரைவில் அடங்கும் என்பதன் அளவு. கோயில் மணி அடித்தபின் நெடுநேரம் ரீங்கரிக்கும், நெல் மூட்டையைத் தட்டினால் ஓசை உடனே அடங்கும், அந்த வேற்றுமையை எண்ணாக்கியதே இது. உதாரணமாக ஓர் ஒலிபெருக்கிக்கு இவை முறையே 28, 90 லிட்டர், 0.35 என்று கொள்வோம். பெட்டியின் உள்ளளவு 30 லிட்டர். 90-ஐ 30-ஆல் வகுத்தால் 3, ஒன்று கூட்ட 4, வர்க்கமூலம் 2. இந்த 2-ஆல் பெருக்கினால் பெட்டிக்குள் அதிர்வெண் 56 ஆகிறது. அடங்கும் எண் 0.7 ஆகிறது. இந்த 0.7, மிகையும் குறையுமின்றி ஒலி சமனாக இறங்கும் நிலை. எட்டாம் வகுப்புக் கணக்கு இவ்வளவே.

56 என்றால் அதற்குக் கீழுள்ள சுரங்கள் மெலியுமே என்று கேட்கலாம். திறந்த வெளியில் மெலியும். ஆனால் காரின் உள்ளறை அலைநீளத்தைவிடச் சிறியது. அங்கே தாழ்சுரம் அலையாக ஓடாமல், குழாய்க்குள் அழுத்துதண்டு காற்றை அழுத்துவது போல அறைக் காற்று முழுவதையும் ஒருங்கே அழுத்தித் தளர்த்துகிறது. வீட்டுக் கூடத்தில் ஒல்லியாகக் கேட்கும் மூடிய பெட்டி காருக்குள் நிறைந்து கேட்பது அதனால்தான்.

பெரும்பாலான பெட்டிகள் கெடுவது பலகையின் கனத்தை மறப்பதால். 18 மில்லிமீட்டர் எம்.டி.எப். பலகையால் 42, 36, 30 சென்டிமீட்டர் வெளியளவில் ஒரு பெட்டி செய்கிறோம். வெளிக்கணக்கில் 45 லிட்டர். ஒவ்வொரு பக்கத்திலும் 3.6 சென்டிமீட்டரைக் கழித்தால் உள்ளளவு 38.4, 32.4, 26.4, அதாவது 32.8 லிட்டரே. ஒலிபெருக்கியின் காந்தமும் சட்டகமும் அடைக்கும் இடம் 2.8 லிட்டர் எனக் கொண்டால், நமக்கு வேண்டிய 30 லிட்டர் மிஞ்சும். மாறாக, வெளியளவையே 30 லிட்டராக வைத்துச் செய்தவர்க்கு உள்ளே ஏறத்தாழ 18 லிட்டர்தான் கிடைக்கும். காற்று வில் விறைத்து, அதிர்வெண் 69-ஐ எட்டும். அடங்கும் எண் 0.86 ஆகும். ஒலிபெருக்கி மட்டமானது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். பிழை அளவுகோலில் இருக்கிறது.

துளைக்குழாய் வைத்த பெட்டி இன்னும் உரக்க ஒலிக்கும். குடத்தின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழுவதன்றோ? அதே தத்துவம். ஆயினும் குழாயின் நீளம் சற்றுப் பிசகினாலும் சுரம் மாறும். அந்தச் சுரத்துக்குக் கீழே கூம்பைத் தாங்கக் காற்று வில் இராது, கூம்பு கட்டுமீறி ஆடிக் கிழியவும் கூடும். முதன்முதலாகச் செய்பவர்க்கு மூடிய பெட்டியே போதும் என்பது என் கருத்து.

வேலைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.டி.எப். அறுக்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலுக்குத் தீது, முகமூடி அணிக. திருகாணிக்கு முன்துளை இடாவிட்டால் பலகையின் விளிம்பு பிளக்கும். மூட்டுகளில் பசை தாராளமாக இருக்கட்டும். பெட்டியை இறுக்கிப் பிடிப்பது பசைதான், திருகாணி அது காயும்வரை துணை நிற்பது. எம்.டி.எப். நீர் பட்டால் ஊதும். மழையில் ஒழுகும் டிக்கியாயின் நல்ல பிளைவுட்டே மேல்.

பெட்டியைத் தளத்தோடு இறுக்கிப் பிணையுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நின்றால், கட்டப்படாத பெட்டி அதே வேகத்தில் முன்னே பாயும். 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது. பின்னிருக்கையில் குழந்தைகள் அமர்கிறார்கள். இன்னொன்று: 500 வாட் ஆற்றலுக்கு 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடும். மின்கலத்திலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இராவிட்டால், கம்பி எங்கேனும் உராய்ந்து தகட்டைத் தொட்டதும் தீப்பிடிக்கும்.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தகடு அழுத்தும் கூடத்தில் காதடைப்பான் அணிந்து வேலை செய்த இளைஞர், வீடு திரும்பும் வழியில் அதைக் கழற்றிவிட்டு அதே ஓசையைக் காசு கொடுத்துக் கேட்பது விந்தைதான். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரமே. காதின் உட்சுருளில் உள்ள மயிர்ச்செல்கள் மாண்டால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. தாழ்சுரம் சுவரையும் ஊடுருவுவது. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல்லே எல்லை; இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோர் நிறைந்த எங்கள் பகுதியில் பகலிலும் கவனம் வேண்டும்.

பெட்டி முடிந்ததும், துணி ஒட்டுமுன், வண்டிக்கு வெளியே வைத்துச் சோதியுங்கள். தாழ்ந்த சுரமொன்றை மெதுவாக ஒலிக்கவிட்டு, ஊதுவத்திப் புகையை மூட்டுகளின் அருகே கொண்டுசெல்க. புகை நடுங்கும் இடத்தில் காற்று கசிகிறது. அங்கே சிலிக்கோன் பூசுக. பிறகு டிக்கியில் பொருத்தி, 30 முதல் 80 அதிர்வு வரை படிப்படியாக ஏற்றிக் கேட்டால் வேறு கிடுகிடுப்புகள் வெளிப்படும். அவற்றுள் பெரும்பான்மை பெட்டியினுடையவை அல்ல, பின்புற எண்பலகையினுடையவை. அதன் பின்னால் ஒரு ரப்பர்த் துண்டை வைத்து முடுக்கினால் நின்றுவிடும்.