அரை விநாடி அபயக்குரல்: 'பீக்கன்' கருவி என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது?

2018 செப்டம்பர் 21. பாய்மரப் படகில் தனி ஆளாக உலகைச் சுற்றும் போட்டியில் இருந்த இந்தியக் கடற்படை கமாண்டர் அபிலாஷ் டாமி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது, முதுகில் பலத்த காயம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் சுமார் 1,900 கடல் மைல் தொலைவில் இருந்தது. மூன்று நாள் கழித்து, 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் அவரை மீட்டது.

அவர் உதவி கேட்கப் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, அவசரகால ரேடியோ பீக்கன். செல்போன் டவரே இல்லாத நடுக்கடலில் அது யாரிடம், என்ன பேசுகிறது?

எத்தனை வகை?

மூன்று. கப்பல், படகுகளில் இருப்பது 'ஈபிர்ப்'. கப்பல் மூழ்கினால் நீரழுத்தத்தில் தானே கழன்று, மிதந்து வந்து சிக்னல் அனுப்பும் மாடல்களும் உண்டு. பேட்டரி குறைந்தது 48 மணி நேரம் தாங்க வேண்டும்.

விமானத்தில் இருப்பது 'இஎல்டி'. மோதலின் அதிர்ச்சியிலேயே ஆன் ஆகிவிடும்.

மலையேறுபவர்கள், தனியாகப் பயணிப்பவர்கள் கையில் வைத்திருப்பது 'பிஎல்பி'. இதை நாமேதான் ஆன் செய்யணும்.

மூன்றும் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 'காஸ்பாஸ்-சார்சாட்' என்ற சர்வதேச அமைப்பின் செயற்கைக்கோள் சேவைக்கே தகவல் அனுப்புகின்றன.

அந்தத் தகவலில் என்ன இருக்கும்?

சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி நேரம் மட்டும் ஒலிபரப்பு. அதற்குள் மொத்தம் 112 அல்லது 144 பிட்கள், அதாவது 0, 1 என்ற எண்களின் வரிசை.

முதல் 24 பிட்கள் 'தகவல் வருது, கவனி' என்பதற்கான அடையாளம். அடுத்து, எந்த வகைச் செய்தி என்று சொல்ல 2 பிட்கள். பிறகு 10 பிட்களில் நாட்டின் குறியீடு. இந்தியாவுக்கு 419, பீக்கன் மொழியில் 0110100011. அதன்பின் கப்பல், விமானத்தின் அடையாளம் அல்லது கருவியின் வரிசை எண். ஜிபிஎஸ் வசதி இருந்தால் இருப்பிடமும் சேரும். இடையில் சில பிட்கள் சிதைந்தாலும் சரிசெய்துகொள்ளத் தனி பிட்கள் உண்டு.

ஜிபிஎஸ் இல்லையா? செயற்கைக்கோள் நகரும்போது அதிர்வெண்ணில் வரும் மாற்றத்தை வைத்தே இடத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள்.

எது இருக்காது?

உங்கள் பெயர், வீட்டு போன் நம்பர், படகில் எத்தனை பேர் என்பது எதுவும் அதில் இல்லை. மீட்பு மையத்துக்குக் கிடைப்பது 15 இலக்க அடையாள எண்தான். அதை வைத்துப் பதிவேட்டில் தேடினால்தான் அது யார் என்று தெரியும். இந்தியாவில் இந்தப் பணியை பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் கவனிக்கிறது.

இங்கேதான் சிக்கல். வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை தவறுதலாக ஆன் ஆனவை. அதனால் பதிவேட்டில் உள்ள நம்பருக்கு போன் செய்து விசாரிப்பார்கள். 'ஆமா, கடலுக்குத்தான் போயிருக்கார்' என்ற ஒரு பதில் தேடுதலை விரைவுபடுத்தும். படகு கைமாறி, பழைய உரிமையாளரின் நம்பரே இருந்தால்? பொன்னான நேரம் வீணாகும்.

சும்மா ஆன் பண்ணிப் பார்க்கலாமா?

கூடாது. அதற்கென 'டெஸ்ட்' பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் தொடக்க அடையாளத்தின் ஒரு பகுதி தலைகீழாக மாறும். அது சோதனைதான் என்று அமைப்பு புரிந்துகொள்ளும். தவறி நிஜமாகவே ஆன் ஆகிவிட்டால், அணைத்துவிட்டு உடனே மீட்பு மையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

போன் நம்பர் மாறினால் வங்கிக்குச் சொல்கிறோம். பீக்கன் வைத்திருப்பவர்கள் பதிவேட்டிலும் அதை மாற்றியாகணும்.